மூணுதட்டு அருவியும் ராமையாவின் முகமும்

போன மாதம் நுவரெலியாவில் கல்யாண வீடுகளுக்குப் படம் பிடிக்கும் இளைஞர்கள் இருவர் என்னைத் தேடி வந்தார்கள். ஒருவர் கைபேசியை நீட்டினார். அதில் மூணுதட்டு அருவி. தண்ணீர் பட்டுச்சேலையை உதறி விரித்தது போல வழவழவென்று விழுந்தது. இந்த மாதிரிப் பட்டுத் தண்ணி வர நாங்கள் என்னென்னவோ அமுக்க வேண்டியிருக்கிறது, அந்தக் காலத்தில் நீங்கள் எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டார். அந்தப் பட்டு வராமல் இருப்பதற்கு நாங்கள் பட்ட பாட்டை அவர்களிடம் சொன்னேன். சிரித்தார்கள். பிறகு எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் கிடையாது. பிழை இருந்தால் அவர்களே திருத்திக்கொள்ளட்டும்.

நான் பிறந்தது கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில். எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்குப் போகும் வயது வந்ததும் ஓடிவிட்டேன். அட்டனில் பேக்கரியில் மாவு பிசைந்தேன். ராகலையிலிருந்து மரக்கறி ஏற்றும் லொறியில் மூட்டைகளுக்கு மேல் படுத்துக் கொழும்புக்குப் போய் வந்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் செத்துப் போனார், அவருடைய கம்பளி எனக்குக் கிடைத்தது, பிழைத்துக்கொண்டேன். வெளியே வந்தது நாற்பத்தெட்டில். நுவரெலியா சந்தைக்குப் பின்தெருவில் ஒரு ஸ்டூடியோவில் பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்றார்கள். போனேன்.

ஸ்டூடியோவின் முதலாளி சலீம் நானா; முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். நெடுநெடுவென்று உயரம். படம் பிடிக்கும்போது மட்டும் சாரத்துக்கு மேலே கோட்டும் கழுத்தில் டையும் கட்டிக்கொள்வார். வருகிறவர்கள் தங்களிடம் இருப்பதிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள், நாம் கசங்கிப் போய் நிற்பது மரியாதையா என்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கழுவிக் காய்ந்த படத்தை ஜன்னலடிக்குக் கொண்டுபோய்த் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார். அன்றைய பெட்டிக் கமராவில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் பின்கண்ணாடியில் உலகம் தலைகீழாகத்தான் தெரியும். அப்படியே பார்த்துப் பழகிய கண் அவருடையது. நேராக வைத்தால் ஆள்தான் தெரியும், கவிழ்த்துப் பார்த்தால்தான் படம் தெரியும் என்பார். பார்த்து முடித்ததும் பெரும்பாலும் ஒரே வார்த்தைதான் வரும்: "மறுக்கா."

மறுபடியும் எடு என்று அர்த்தம். எதிரில் இருப்பது யாராக இருந்தாலும் அந்த வார்த்தை மாறாது. ஒரு தோட்டத்துத் துரை தன் நாயோடு உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். துரை சரியாக இருந்தார். நாயின் கண் சரியில்லை என்று நானா அவரை மறுபடி மறுபடி வரவழைத்தார். கடைசியில் துரைக்கு நாயை விட அதிகமாக நானாவைப் பிடித்துப்போய்விட்டது.

முதல் வருஷங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெட்டி தூக்கினேன், படம் விழும் கண்ணாடிப் பிளேட் கழுவினேன், கவுண்டருக்கு அடியில் படுத்தேன். இடையிடையே சொல்லாமல் ஓடினேன், திரும்பி வந்தேன். ஏன் போனாய் என்று நானா கேட்டதே இல்லை. "பெட்டி அங்கதான் ஈக்கி. தூக்கு. மூணுதட்டுக்குப் போகணும்" என்பார். உண்மையில் நான் திரும்பி வந்ததும் அதற்காகத்தான்.

மூணுதட்டு என்பது ராகலைக்குப் போகும் வீதியில் ஒரு தோட்டத்துக்கு மேலே, காட்டுக்குள் இருக்கும் அருவி. மூன்று பாறைத் தட்டுகளில் இறங்கும். மேல் தட்டு காட்டு மரங்களுக்குள் மறைந்திருக்கும். நடுத்தட்டு அகன்று விழும். கீழ்த்தட்டு குறுகி, ஒரு கறுத்த குளத்தில் போய்ச் சேரும். நடுத்தட்டுக்கு எதிரே ஒரு சப்பைப் பாறை உண்டு. அதுதான் எங்கள் இடம். பெரிய மழைக்குப் பிறகு அங்கே நின்றால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

முதல் பஸ்ஸில் இறங்கி, தேயிலை மலையில் ஏறி, காட்டு விளிம்புக்கு வந்ததும் உட்கார்ந்து காலில் சவர்க்காரத்தைக் குழைத்துப் பூசிக்கொள்வோம், அட்டைக்காக. அந்தக் காட்டு அட்டைகள் சவர்க்காரத்துக்கும் பழகியிருந்தன. கமராப் பெட்டி என் தலையில். மூன்று மரக்கால்களும் நானாவின் தோளில். பாசி படிந்த பாறையில் மரக்கால் வழுக்கும் என்பதால் ஒவ்வொரு காலின் நுனியிலும் சாக்குத் துண்டைச் சுற்றிக் கட்டுவோம். லென்ஸில் சாரல் அடித்துக்கொண்டே இருக்கும். அதைத் துடைக்கும் துணியை நான் அக்குளில் இடுக்கி வைத்திருப்பேன். குளிர்ந்த துணி ஈரத்தைப் பூசிவிடும், சூடான துணிதான் துடைக்கும். மூடுபனி மேலிருந்து இறங்குவதற்குள் எல்லாம் முடிய வேண்டும். லென்ஸின் மூடியைக் கையால் கழற்றி, கணக்காக மறுபடி மூடுவதுதான் படம் எடுப்பது. நானா பிஸ்மில்லாவை முழுதாகச் சொல்லி முடித்து மூடுவார். பின்னால் நான் தனியாக எடுத்த காலத்தில் "முருகா முருகா" என்று இரண்டு தடவை சொல்வேன். வெளிச்சம் மந்தமென்றால் மூன்று.

அந்த நேரத்துக்குள் தண்ணீர் எவ்வளவோ தூரம் விழுந்துவிடும். பிளேட்டில் தண்ணீர் இருக்காது, வெள்ளைப் புகைதான் இருக்கும். பங்களாக்காரர்களுக்கு அது பிடித்திருந்தது. கிறிஸ்மஸ் வரும்போது நத்தார் வாழ்த்து அட்டையில் ஒட்டிச் சீமைக்கு அனுப்பினார்கள். ஆனால் அருவிக்குக் கீழேயே குடியிருக்கும் லயத்துச் சனத்திடம் அதே படத்தைக் காட்டியபோது, மாரியாயி என்ற கொழுந்து பறிக்கும் பெண் அதை வாங்கிப் பார்த்து, "ஏண்ணே, அருவி தீப்புடிச்சிருச்சா? ஒரே பொகையா வருது" என்றாள். சுற்றி நின்றவர்கள் கூடைகளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானா சிரிக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில், அந்தப் பொண்ணு சொல்றது சரிதானே என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து தண்ணீரைத் தண்ணீராகப் பிடித்துவிட வேண்டும் என்பது அவருக்கு ஒரு பைத்தியமாகிவிட்டது. எனக்கும் தொற்றிக்கொண்டது. மழை மாறும்போதெல்லாம் போனோம். கார்த்திகையில் முழங்கும் மூணுதட்டையும் மாசியில் மெலியும் மூணுதட்டையும் பிடித்தோம். எல்லாம் புகை. எல்லாம் மறுக்கா.

மாரியாயிக்கு ஒரு அண்ணன் இருந்தான். ராமையா. பெக்டரியில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. வெற்றிலைக் கொடி மாதிரி மெலிந்த உடம்பு, விரிந்த காது, எப்போதும் ஒரு சிரிப்பு. ஓரிடத்தில் நிற்க மாட்டான். நிற்கும்போதும் தோளோ காலோ ஆடிக்கொண்டிருக்கும். தாய் தகப்பன் இல்லை. மணப்பாறைப் பக்கம் இருந்த சொந்தத்தில் அவனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளையின் படம் கேட்டு எழுதியிருந்தார்கள். ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னோம். அவன் தலையைச் சொறிந்தான்.

"மூஞ்சி அப்புடி ஒண்ணும் விசேஷமில்லீங்க நானா. பின்னால அருவி இருந்துச்சுன்னா பாக்குறவங்களுக்குக் கொஞ்சம் தோதா இருக்கும்."

நானாவுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. மழை நின்ற ஒரு காலையில், கடன் வாங்கிய கோட்டோடு ராமையாவைச் சப்பைப் பாறைக்கு அந்தப் பக்கம் நிறுத்தினோம். அசையாதே என்றோம். பிஸ்மில்லா முடிவதற்குள் அசைந்தான். சாரல் முதுகில் அடிக்கிறது என்றான். மறுக்கா. அட்டை ஏறுகிறது என்றான். மறுக்கா. கடைசிப் பிளேட்டில் என்ன நடந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. தும்மல் வரும்போல் இருந்தது, வரவில்லை என்றான். அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது.

படத்தில் அருவி அதுவரை நாங்கள் எடுத்ததிலேயே அழகாக வந்திருந்தது. அதன் முன்னால் ஒரு கோட்டும் இரண்டு காதும் இருந்தன. நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கலங்கல். இதைக் கொடுக்க முடியாது என்று நானா பிடிவாதமாக நின்றார். ஆனால் ஊருக்குப் போகிற ஒருவர் மறுநாள் கிளம்புவதாக இருந்ததால், மாரியாயி கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

சில மாதங்களில் பதில் வந்தது. மாரியாயி அதை ஸ்டூடியோவுக்கே கொண்டுவந்து வாசிக்கச் சொன்னாள். மாப்பிள்ளை முகம் தெரியவில்லை என்று பெரியவர்கள் குறைப்பட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, ஆனாலும் பெண்ணுக்குச் சம்மதம், பெண்ணுக்குத் தண்ணீர் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தது.

பெண்ணின் பெயர் அஞ்சலை. அவர்கள் ஊரில் கோடை வந்தால் கிணற்றில் வாளி தட்டுமாம். தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடம் வைத்து, அடுத்த ஊர் வரைக்கும் நடந்து கொண்டுவருவாளாம். அப்படிப்பட்டவள் எங்கள் படத்தைப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு ராமையாவின் முகம் எதற்கு?

அந்த வருஷங்களில் அங்கிருந்து பெண் கொண்டுவருவது முன்பு போல் லேசாக இல்லை. காகிதம், முத்திரை, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் அனுமதி என்று ஆகிவிட்டது. எல்லாம் சரிக்கட்டி, தாய்மாமன் முத்துக்கருப்பன் துணையோடு அவள் வந்து இறங்கினாள். சித்திரையில் கல்யாணம் என்று பேச்சு. அவள் வந்தது பங்குனியில். அந்த வருஷம் தை முதல் ஒரு சொட்டு மழை இல்லை.

வந்த மறுநாளே அவள் அருவியைப் பார்க்க வேண்டும் என்றாள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் அங்கே நிறுத்திப் படம் எடுக்கலாம் என்று ராமையா எனக்கும் சொல்லி அனுப்பியிருந்தான். நான் பெட்டியோடு போய் நின்றேன். காட்டை விட்டு வெளியே வந்தோம். எதிரே கறுப்புப் பாறை. நடுத்தட்டில் ஓரமாக ஒரு ஈரக்கோடு. பாறையில் யாரோ ஈரத்துணியை இழுத்துக்கொண்டு போன மாதிரி. கோடையில் மூணுதட்டு மெலியும். அப்படி வற்றி நான் ஒருபோதும் பார்த்ததில்லை.

அஞ்சலை மடியிலிருந்து எங்கள் படத்தை எடுத்தாள். படத்தைப் பார்த்தாள், பாறையைப் பார்த்தாள். மாமன்தான் சொன்னார்.

"இதுக்காப்பா கடல் தாண்டி வந்தோம்? எங்க ஊரு கம்மா மடையில இதவிட ஒழுகுமே."

"மழை பேஞ்சா வரும் மாமா" என்றான் ராமையா.

"மழை பேஞ்சா எங்க ஊர்லயும்தான் வரும்."

ராமையாவின் தோள் ஆடுவதுகூட நின்றுபோயிருந்தது. மாரியாயிதான் விடவில்லை. ஒங்க ஊரு மடைல ஒழுகுறப்ப சொல்லுங்க மாமா, எங்க அருவிய அங்க அனுப்பி வெக்கிறோம் என்றாள். அவர் முகம் இன்னும் இறுகியது. கீழே இறங்குவதற்குள் முடிவு செய்துவிட்டார்: காகிதத்தில் உள்ள நாள் முடிவதற்குள் பெண்ணைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகிறேன், பொய்யைக் காட்டிப் பெண் கேட்ட வீட்டில் கொடுக்க முடியாது.

நான் ஸ்டூடியோவில் இருந்த மூணுதட்டுப் படங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு மறுநாள் லயத்துக்குப் போனேன். கார்த்திகை, மார்கழி, ஆடி என்று அடுக்கிக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, உங்க கடைல மாடமாளிகை கூட ஒரு சீலைல எழுதித் தொங்குதாமே, அதுவும் நெசமா என்றார். ஸ்டூடியோவின் பின்திரையை யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். படங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. வரும் வழியில் அஞ்சலையின் பயணக் காகிதம் நனைந்து, அதில் ஒட்டியிருந்த படம் ஊதிக் கறுத்துப் போயிருந்தது. அந்தக் காகிதத்தோடு கப்பலில் ஏற்ற மாட்டார்கள், புதுப்படம் ஒட்டி முத்திரை வாங்க வேண்டும் என்று டவுனில் சொல்லிவிட்டார்கள். ஆகவே பெண்ணோடு எங்கள் ஸ்டூடியோவுக்கே வந்து நின்றார்.

நானா கோட்டும் டையும் போட்டுக்கொண்டு அஞ்சலையை உட்காரவைத்தார். அவள் உட்கார்ந்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. கை மடியில். கண் லென்ஸில். மூச்சு விடுகிறாளா என்றே தெரியவில்லை. குடத்தைத் தலையில் வைத்து நடந்தவளுக்குக் கழுத்து எப்படி ஆடும்? அப்படி அசையாமல் உட்கார்ந்த ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரே பிளேட். அருமையாக வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் மாமன் வந்தபோது நானா படத்தைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "மறுக்கா" என்றார்.

வெளிச்சம் கடுப்பா இருக்கு, நிழல் முகத்தில் விழுகிறது என்றார். வருஷம் முழுக்க மூடுபனியையும் மந்த வெளிச்சத்தையும் திட்டிக்கொண்டிருந்த மனிதர், வெயிலைக் குறை சொன்னது எனக்கு விசித்திரமாக இருந்தது. இரண்டாவது முறை எடுத்தார். இந்தத் தடவை படம் மஞ்சள் பூத்தது. படத்தை மருந்திலிருந்து எடுத்ததும் ஓடுகிற தண்ணீரில் வெகுநேரம் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் மருந்து தங்கிக் கறைபடும். டவுன் குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் சொட்டியது. எனவே அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் கொல்லையில் ஒரு பீப்பாய் நிறையத் தண்ணீர் இருந்தது. தினமும் விடியும் முன் ஊற்றடிக்குப் போய்ச் சுமந்து நிரப்பியவன் நான்.

"நானா, பீப்பாயில தண்ணி இருக்குங்களே" என்றேன்.

"அது தொழுகைக்கு ஒளு செய்யிற தண்ணி தானே தம்பி" என்றார், என்னைப் பார்க்காமல்.

அதற்கு முந்தின வாரம் வரைக்கும் அதே பீப்பாயில்தான் பிளேட் கழுவினேன்.

மாமன் ஒவ்வொரு நாளும் வந்தார். நானா ஒவ்வொரு நாளும் தேநீர் கொடுத்தார். தண்ணி வந்ததும் கழுவிடலாம் என்றார். வேறு கடைக்குப் போவோம் என்று மாமன் ஒருநாள் எழுந்தார். தாராளமா போங்க, ஆனா கறை புடிச்ச படத்த ஒட்டி, துறைமுகத்துல பொண்ணத் திருப்பி அனுப்பினா எங்க போய் நிப்பீங்க என்று நானா மெதுவாகக் கேட்டார். மாமன் மறுபடி உட்கார்ந்தார். அருவியை வற்றவைத்த அதே வறட்சிதான் அஞ்சலையைப் போகவிடாமலும் பிடித்து வைத்திருந்தது. ஆனால் காகிதத்தில் நாள் குறைந்துகொண்டே வந்தது. ராமையா வேலை முடிந்ததும் பெக்டரிக் கூரைக்கு மேலே பார்த்துக்கொண்டு நிற்பான் என்று மாரியாயி சொன்னாள். வானத்தைப் பார்க்கிறானாம்.

அஞ்சலை என்ன சொல்கிறாள் என்று மாரியாயியிடம் கேட்டேன். ஒன்றும் சொல்வதில்லை, எங்களோடு லயத்தில் தங்கியிருக்கிறாள், எல்லா வேலையும் செய்கிறாள் என்றாள். மலையிலிருந்து குழாயில் இறங்கி லயத்துக் கோடியில் ஓயாமல் கொட்டும் தண்ணீரை நாங்கள் பீலி என்போம். அந்தக் கோடையிலும் பீலி சுண்டுவிரல் கனத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. தண்ணி எடுக்கப் போனா பானை நெறஞ்ச பொறகும் அங்கயே நிக்கிறா, அங்க போயி அழுவுறாளோ என்னமோ என்றாள் மாரியாயி.

சித்திரை பிறந்து, ஒரு மத்தியானம். மாமன் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மலைக்குப் பின்னால் இடி உருண்டது. பிறகு தகரக் கூரையில் மழை இறங்கியது. ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காத மழை. நானா எழுந்து வாசலில் போய்க் கையை நீட்டினார். திரும்பி வந்து கோட்டை மாட்டினார்.

"தண்ணி வந்துட்டு தானே. கழுவு தம்பி" என்றார்.

கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, முதல் நாள் எடுத்த அந்த முதல் பிளேட்டிலிருந்தே படம் போட்டேன். அவர் சொல்லித்தான். கண்ணாடி போல வந்தது. கவிழ்த்துப் பார்க்காமலே மாமன் கையில் கொடுத்தார். இனி அவர் போகலாம். தடுக்க எங்களிடம் ஒன்றும் மிச்சமில்லை. நானா ஒன்றே ஒன்று கேட்டார்: நாளைக்குக் காலையில போறதுக்கு முந்தி பொண்ணு ஒருக்கா அருவியப் பாத்துட்டுப் போகட்டும், நானும் வாறேன்.

காட்டு விளிம்பிலேயே சத்தம் கேட்டது. மரத்துக்கு மரம் தண்ணீர் சொட்டியது. சப்பைப் பாறையில் ஏறினோம். மூன்று தட்டும் நிறைந்து விழுந்தது. படத்தில் இருந்த வெள்ளை அல்ல. மாதக்கணக்கில் சேர்ந்த சருகையும் மண்ணையும் அடித்துக்கொண்டு, கடுந்தேயிலைச் சாயத்தின் நிறத்தில் வந்தது. சாரல் எங்கள் முகத்தில் அறைந்தது. மாமன் வாயைத் திறந்து ஏதோ சொன்னார், யாருக்கும் கேட்கவில்லை. அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி நின்றார். ராமையா அருவியைப் பார்க்கவே இல்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மாமன் அவள் காதருகே போய்க் கத்தினார்: "இப்ப என்னத்தா சொல்ற? இருக்கியா, வர்றியா?"

அவளும் கத்தித்தான் பதில் சொன்னாள். அதனால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"நான் அன்னைக்கே இருக்கறதா முடிவு பண்ணிட்டேன் மாமா. பீலியில கயிறு இல்லாம, யாரும் எறைக்காம, தண்ணி அதும்பாட்டுக்கு வந்துச்சு பாருங்க, அன்னைக்கே."

"அப்பறம் ஏன்டி வாயத் தொறக்கல?"

"நீங்க எங்க என்னையக் கேட்டீக? படத்தையில்ல கேட்டுக்கிட்டு அலைஞ்சீக."

பிறகு ராமையாவின் பக்கம் கையைக் காட்டி, "மொகத்தையும் பாத்துட்டேன். சுமாராத்தான் இருக்கு. ஆனா இருக்கு" என்றாள்.

மாரியாயி பாறையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். மாமன் கொஞ்ச நேரம் கோபமாக இருக்க முயன்று பார்த்தார். பிறகு இறங்கிப் போய்க் கலங்கல் தண்ணீரில் முகம் கழுவினார். பையிலிருந்த சோடாப் போத்தலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துத் துணியால் அடைத்தார். அக்காவுக்குக் காட்ட வேண்டும் என்றார். இந்தத் தடவை அவர் படத்தை நம்பத் தயாராக இல்லை.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிறுத்தி நானா ஒரு பிளேட் எடுத்தார். கொண்டுவந்தது அந்த ஒன்றுதான். அஞ்சலை பாறை மாதிரி நின்றாள். பிஸ்மில்லா நடுவில் இருக்கும்போது ராமையா திரும்பி அவளைப் பார்த்துவிட்டான். படத்தில் அவள் புருவமயிர் கூடத் தெளிவு. பக்கத்தில் ஒரு கோட்டும் இரண்டு காதும். நானா அதைக் கவிழ்த்துப் பார்த்தார், நேராகவும் பார்த்தார். மறுக்கா என்று சொல்லாமல் உறையில் போட்டார். கல்யாணம் முடிந்து கிளம்பிய மாமன் அதையும் போத்தலையும் எடுத்துக்கொண்டு போனார். ஊரிலிருந்து வந்த பதிலில், பொண்ணு நல்லா இருக்கிறாள், மாப்பிள்ளை முகம் இந்தத் தடவையும் தெரியவில்லை என்று இருந்தது.

அந்த முதல் பிளேட்டை நானா வேண்டுமென்றேதான் நிறுத்தி வைத்தாரா, உண்மையிலேயே அவருக்கு அதில் குறை தெரிந்ததா என்று பின்னால் ஒருமுறை கேட்டேன். நிழல் கொஞ்சம் கடுப்புதான் தம்பி என்றார். சாகும்வரை அதையேதான் சொன்னார்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் கார்த்திகை மழை ஓய்ந்ததும் நான் மூணுதட்டுக்குப் போகும்போது அவர்களும் வருவார்கள். பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று கூடினார்கள். ராமையா மட்டும் ஒரு படத்திலும் நிலைக்கவில்லை. பிறகு நான் எங்கும் ஓடவில்லை. ஓடினால் அந்தக் கார்த்திகைப் படம் விட்டுப்போகும். அறுபதுகளின் தொடக்கத்தில் சுருள் போடும் சின்னக் கமரா ஒன்று எங்களுக்கு வந்தது. கண் மூடித் திறப்பதற்குள் எடுத்துவிடும். அதைக் கொண்டுபோய் முதல் முறையாகத் தண்ணீரைத் தண்ணீராகப் பிடித்தேன். துளி துளியாகத் தெரிந்தது. நானா அப்போது கோட்டைக் கழற்றிவிட்டு நாற்காலியோடு இருந்தார். கண்ணும் மங்கிவிட்டது. படத்தை வாங்கி ஜன்னலடியில் கவிழ்த்து வெகுநேரம் பார்த்தார்.

"தண்ணி நின்னுபோச்சே தம்பி" என்றார். பிறகு, "மறுக்கா."

அவர் போன பிறகு ஸ்டூடியோவை நான் பார்த்துக்கொண்டேன். அறுபதுகளின் நடுவில் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் தோட்டத்துத் தமிழர்களான எங்களைப் பங்கு பிரிக்க ஒப்பந்தம் செய்துகொண்டன என்ற பேச்சு வந்தது. யார் போவது, யார் இருப்பது என்று தெரியாமலே தோட்டத்துச் சனம் முன்கூட்டியே படம் எடுத்து வைத்துக்கொள்ள வரிசையில் நின்றது. பின்திரை இல்லாமல், சிரிப்பு இல்லாமல், முகம் மட்டும். அந்த வரிசையில் ஒருநாள் ராமையாவும் அஞ்சலையும் வந்தார்கள். சின்னக் கமரா, பளிச்சென்று விளக்கு. ராமையா உட்கார்ந்து ஆடத் தொடங்குவதற்குள் எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் படத்தைக் கொடுத்தேன். அத்தனை வருஷத்தில் ராமையாவின் முகம் ஒரு தாளில் நிலைத்து நின்றது அன்றுதான். அஞ்சலை அதை வாங்கிப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"இது யாருண்ணே?" என்றாள்.

"ஒம்புருசன்தான்."

"இவரா? இவரு எந்நேரமும் ஆடிக்கிட்டுல்ல இருப்பாரு. இதக் காட்டுனா வேற ஆளுன்னு சொல்லிருவாங்க" என்று சொல்லி அதை அவனிடமே கொடுத்தாள். ராமையா காது வரைக்கும் சிரித்தான்.

ஊருக்குப் போக எழுதிக் கொடுப்பீர்களா, இங்கேயே இருக்க எழுதிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். வந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான். பெரும்பாலானவர்கள் தரையைப் பார்ப்பார்கள். அஞ்சலை படங்களை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னாள்:

"பேப்பர்ல என்னமோ எழுதட்டும்ணே. கடலுக்கு எந்தப் பக்கம் நம்ம பீலி கொட்டுதோ அந்தப் பக்கம்தான் நாங்க."